கடைசியா என்ன படம் பாத்தீங்க?

காய்ச்சல் என்று போனால் என்ன சாப்பிட்டீர்கள் என்று வைத்தியர் கேட்பார். கோவை காந்திபுரத்தில், நூறடி சாலையிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற அவர் கேட்பது வேறு. சிஸ்டம் ஸ்லோவாயிடுச்சுங்க என்று பையை மேசைமேல் வைக்கிறவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கேட்டுவிடுவார்: "கடைசியா என்ன படம் பாத்தீங்க?"

பாதிப் பேர் சிரிப்பார்கள். சிலர், "படமெல்லாம் பாக்கறதில்லீங்க, இது ஆபீஸ் சிஸ்டமுங்க" என்று முறைப்பார்கள். சிலர் பட்டென்று படத்தின் பெயரைச் சொல்வார்கள். அவர்களுக்கு வேலை சீக்கிரம் முடியும். முறைத்தவர்களிடம் அவர் வாதாடுவதில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து தேதிவாரியாக அடுக்கினால், போன வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வந்த படம் அங்கே உட்கார்ந்திருக்கும். "மாப்பிள்ளை வந்திருந்தாருங்க, அவரு ஏத்திருப்பாரு" என்பது அடுத்து வரும் பதில். இருபது வருடத்தில் மாப்பிள்ளைகள்மேல் விழுந்த பழியை எண்ணினால் ஒரு ஊரே திரளும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு 2004-ல் கோவைக்கு வந்தவர் அவர். முதல் வேலை பீளமேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில், இரவு ஷிஃப்ட். கல்லூரிப் பையன்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பாட்டும் படத் துணுக்கும் இறக்குவார்கள். காலையில் எல்லா சிஸ்டத்தையும் ஒரு முறை அணைத்துப் போட்டால் போதும். டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருள் முந்தைய நாள் நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு இயந்திரத்தைப் பழைய நிலையில் எழுப்பிவிடும். வைரஸ் என்பது ராத்திரி வந்து காலையில் போய்விடுகிற விருந்தாளி என்றே அவர் ஒரு வருடம் நினைத்திருந்தார். சொந்தமாகக் கடை போட்டபின்தான் தெரிந்தது, ஊரில் வேறு யாருடைய சிஸ்டமும் காலையில் எதையும் மறப்பதில்லை என்று.

அப்போதெல்லாம் படம் இணையத்திலிருந்து ஒருவருக்கு வரும். அவரிடமிருந்து பெண்டிரைவில் ஐம்பது பேருக்குப் போகும். பையன்கள் சட்டைப் பாக்கெட்டில் பேனாவுக்குப் பதில் பெண்டிரைவ் வைத்திருந்த காலம். கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையிலிருந்து உரிமையாளர் ஒருநாள் ஓடி வந்தார். சிஎன்சி இயந்திரத்துக்கான புரோகிராம்களெல்லாம் பெண்டிரைவில் இருந்தன, இப்போது ஒன்றையும் காணோம் என்றார். செருகிப் பார்த்தால் ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் சில நூறு கே.பி. எடையுள்ள, ஃபோல்டர் படம் ஒட்டிய புரோகிராம். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னைத்தானே நகல் எடுத்து வைத்திருந்தது புழு. 'நியூ ஃபோல்டர்' வைரஸ் என்று ஊரே அழைத்த ரகம். திறக்கிறோம் என்று நினைத்து இரண்டு முறை தட்டினால் அது ஓடும். போகிற போக்கில் உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும், சந்தேகம் வராதபடிக்கு.

கறுப்புத் திரையில் 'அட்ரிப்' என்ற கட்டளையை அடித்து மறைந்திருந்ததை வெளியே கொண்டுவர இரண்டு நிமிடம் ஆனது. நூறு ரூபாய் கேட்டார். "ரண்டு நிமிச வேலைக்கு நூறு ரூவாங்களா?" என்று பட்டறைக்காரர் கேட்டது இன்னும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இந்தத் தொழிலில் தெரிந்து வைத்திருப்பதற்குக் காசு கேட்டால் யாருக்கும் மனம் வராது. ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துச் செய்தால் இருநூறும் தருவார்கள்.

அந்தப் பட்டறையில் என்ன நடந்தது என்பது போய்ப் பார்த்தபோது விளங்கியது. இயந்திரத்துக்குப் புரோகிராம் அனுப்பும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி. இரவு ஷிஃப்ட்டில் ஒரு ஜாப் ஓடி முடிய நாற்பது நிமிடம் என்றால், ஆபரேட்டர் அந்த நாற்பது நிமிடமும் அதே திரையில் படம் பார்ப்பார். படம் வந்த பெண்டிரைவும் புரோகிராம் போகும் பெண்டிரைவும் ஒன்றே. செருகியதும் தானாக ஓடும் 'ஆட்டோரன்' வசதி புழுக்களுக்குப் பல்லக்குத் தூக்கியது. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் புழுவின் அடுத்த வடிவம் இந்த வழியையும் சேர்த்துக்கொண்டுதான் பரவியது. மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் அந்த வசதியைப் பெண்டிரைவுக்கு மட்டும் நிறுத்தும் திருத்தத்தை அனுப்பியது. எக்ஸ்பியை ஒரு முறைகூட அப்டேட் செய்யாத பட்டறைகளில் அது அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது.

இதற்கு நடுவில் இன்னொரு ரகம் வந்தது. பட்டறைக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்தது அது. படத்தை இறக்கியாயிற்று, ஓட விட்டால் திரை கறுப்பாக நிற்கிறது, நடுவில் ஒரு பெட்டி, 'இந்தப் படத்தைக் காண கோடெக் தேவை, இங்கே அழுத்தவும்' என்கிறது. நிஜமாகவே கோடெக் என்ற துணை மென்பொருள் இல்லாமல் படம் ஓடாத காலம் அது என்பதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. 2005 வாக்கில் கிளம்பிய ஸ்லாப் என்ற ட்ரோஜன் குடும்பம் முழுக்க இந்த ஒரே பொய்யில் பிழைத்தது. மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎம்வி கோப்பில் வேறொரு ஓட்டை. உரிமம் உள்ள படம் என்று கோப்பு சொன்னால், விண்டோஸ் மீடியா பிளேயர் அந்த உரிமத்தைத் தேடி, கோப்பில் எழுதியிருக்கும் முகவரிக்குத் தானே போகும். போகிற இடம் திருடன் வீடாக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. 2005 ஜனவரியிலேயே இதை வைத்து ட்ரோஜன் இறக்கியிருக்கிறார்கள்.

ஸ்லாபின் உறவுக்காரன் டிஎன்எஸ் சேஞ்சர். பார்வைக்கு எதையும் கெடுக்காது. ஒரு தளத்தின் பெயரை அடித்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் வழிகாட்டியை மட்டும் மாற்றிவிட்டு அமைதியாக இருக்கும். அதற்குப் பிறகு எந்தப் பெயரை அடித்தாலும் வழி சொல்வது திருடனின் ஆள். 2011 நவம்பரில் அமெரிக்க எஃப்பிஐ கொடுத்த தகவலில் எஸ்டோனியாவில் ஆறு பேர் பிடிபட்டபோது உலகெங்கும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் அவர்கள் கைக்குள் இருந்தன. சர்வர்களைச் சட்டென்று அணைத்தால் அத்தனை பேருக்கும் இணையம் நின்றுபோகும் என்பதால், திருடன் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். அதற்கு மறுநாள் கடைக்கு வந்த ஒருவர், "நெட்டு வேலை செய்யலீங்க, ஆனா ஸ்கைப் மட்டும் போகுதுங்க" என்றார். வழிகாட்டியின் எண்ணைத் திருத்த அரை நிமிடம். எப்போது எந்த கோடெக்கைப் போட்டார் என்று அவருக்கே நினைவில்லை.

கடையில் உதவிக்குச் சேரும் பையன்களுக்கு அவர் முதல் வாரம் ஒரு பாடம் எடுப்பார். ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதற்கும், ரேமை அழிரப்பரால் தேய்ப்பதற்கும் முன்பே இது நடக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருபது கோப்புகள் வைத்திருக்கிறார். எல்லாம் படங்களின் பெயரில். ஹெக்ஸ் எடிட்டர் என்ற மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வார். அதில் கோப்பு படமாகத் தெரியாது. எழுத்தும் எண்ணுமாக அதன் எலும்பு தெரியும். உண்மையான எம்பி4 என்றால் ஐந்தாவது இடத்திலிருந்து 'எஃப்டிஒய்பி' என்ற நான்கெழுத்து நிற்கும். ஏவிஐ என்றால் முதலிலேயே 'ஆர்ஐஎஃப்எஃப்'. 'எம்இசட்' என்ற இரண்டெழுத்தில் ஆரம்பித்தால் அது விண்டோஸில் ஓடும் புரோகிராம். மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி, போஸ்டரில் யார் முகம் இருந்தாலும் சரி. அந்த இரண்டெழுத்து மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளரின் பெயர் முதலெழுத்துகள். 1980-களில் டாஸ் காலத்தில் வைத்தது. இன்றுவரை நல்ல புரோகிராம், கெட்ட புரோகிராம் எல்லாம் அவர் கையெழுத்தோடுதான் ஆரம்பிக்கின்றன.

பாடத்தின் மறுபாதி பெயர் பற்றியது. கோப்பின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்தாம் அதன் சாதிச் சான்றிதழ். விண்டோஸ் அவற்றை மறைத்து வைப்பதை இயல்பாகக் கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11-லும் அப்படித்தான். ஆகவே 'எம்பி4.ஈஎக்ஸ்இ' என்று முடியும் பெயர் திரையில் 'எம்பி4' என்றே முடியும். விஎல்சியின் ஆரஞ்சுக் கூம்பை ஐகானாக ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. மறைக்காமல் வைத்திருக்கிற விவரமானவர்களுக்கு வேறு வித்தை உண்டு. அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறது. பெயரின் நடுவில் அதைச் செருகினால் பின்னால் வரும் எழுத்துகள் திரும்பி நிற்கும். கடைசியில் இருக்கும் 'ஈஎக்ஸ்இ' நடுவுக்குப் போய்விடும், நடுவில் தலைகீழாக எழுதிய எம்பி4 நேராகிக் கடைசிக்கு வந்துவிடும். ஈஎக்ஸ்இ-ஐத் திருப்பினாலும் ஈஎக்ஸ்இ என்றே வருவது இதைக் கண்டுபிடித்தவனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

அளவைப் பார்த்தால் தெரியாதா என்று பையன்கள் கேட்பார்கள். ஒரு காலத்தில் தெரிந்தது, இரண்டு எம்.பி.-யில் இரண்டரை மணி நேரப் படம் இருக்க முடியாது. அதற்கும் வழி கண்டார்கள். புரோகிராமின் வாலில் வெறும் பூஜ்ஜியங்களை 700 எம்.பி.-க்கு நிரப்பினார்கள். படம் போலவும் இருக்கும், பெரிய கோப்பு என்று பல ஆன்ட்டிவைரஸ்கள் திறந்து பார்க்காமலும் விடும். ஆனால் பூஜ்ஜியங்கள் அமுங்கும், படம் அமுங்காது. ஏற்கெனவே பிழிந்தெடுத்த கரும்புச் சக்கை மாதிரி, வீடியோவை ஜிப்பில் போட்டாலும் எடை குறையாது. மூன்று எம்.பி. ஜிப்பைப் பிரித்ததும் 700 எம்.பி. படம் வந்தால் அது படமில்லை. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்ட பையனை அவர் கடையில் வைத்துக்கொள்வார்.

கோவையில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது ஒரு கிளைக்கதை இல்லாமல் முடியாது. 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் இந்த ஊர்க்காரர். 1914-ல் அவர் இங்கே எழுப்பிய வெரைட்டி ஹால் ஒரு சாலைக்கே பெயரானது. காசு கொடுத்து டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கும் பழக்கம் நிலையான கட்டடத்துக்குள் நுழைந்த இந்த ஊரில்தான், 110 வருடம் கழித்து, ஒரு மலையாளப் படம் தியேட்டருக்குள்ளேயே களவாடப்பட்டது. 'அஜயன்டே ரண்டாம் மோஷணம்' 2024 செப்டம்பர் 12-ல் வெளியாகி, சில நாளில் டெலிகிராமில் சுற்ற ஆரம்பித்தது. கொச்சி சைபர் போலீசார் அக்டோபரில் பெங்களூருவில் இரண்டு பேரைக் கைது செய்தனர். இருவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். படம் பிடித்த இடம் கோவைத் தியேட்டர். படத்தின் தலைப்புக்கு 'அஜயனின் இரண்டாம் திருட்டு' என்று பொருள். மூன்றாவதை இங்கே முடித்தார்கள்.

எந்தத் தியேட்டர் என்று எப்படித் தெரியும்? டிஜிட்டல் புரொஜெக்ஷனில் படத்தோடு ஒரு கண்காணாத முத்திரையும் ஓடுகிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் வகுத்த விதிப்படி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 35 பிட் தகவல், எந்தத் திரை, எந்தத் தேதி, எந்த நேரம் என்பதைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செல்போனில் பிடித்த மங்கலான பிரிண்ட்டிலும் தங்கும். 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டரில் படம் பிடித்தால் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் அபராதமும் உண்டு. அது மூன்று வருடச் சிறை, தயாரிப்புச் செலவில் 5 சதவீத அபராதம் வரை போகலாம்.

அவருக்குச் சட்டத்தைவிட வரவு செலவு முக்கியமாகப் படுகிறது. இலவசமாகப் படம் தருகிறவனுக்கு வருமானம் எங்கிருந்து என்ற கேள்வியைக் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "விளம்பரமுங்க" என்று சரியாகச் சொல்வார்கள். அந்த விளம்பரம் யார் தருவது என்றால் பதில் வராது. எந்தக் கண்ணியமான கம்பெனியும் திருட்டுத் தளத்தில் விளம்பரம் தராது. தருகிறவர்கள் சூதாட்டக்காரர்கள், ஆபாசக் கடைக்காரர்கள், அப்புறம் வைரஸ்காரர்கள். 2024 டிசம்பரில் தொடங்கிய ஒரு அலையை மைக்ரோசாஃப்ட் அடுத்த மார்ச்சில் விவரமாக வெளியிட்டது. சட்டவிரோதமாகப் படம் ஓட்டும் தளங்களில், வீடியோ பெட்டிக்குள்ளேயே பொருத்திய விளம்பரம், பார்க்கிறவரை நான்கைந்து இடம் கைமாற்றி, கடைசியில் கிட்ஹப் என்ற நல்ல தளத்தில் ஒளித்து வைத்திருந்த கெட்ட கோப்பை இறக்கியது. பாதிக்கப்பட்ட கருவிகள் ஏறத்தாழ பத்து லட்சம். அவற்றை வைத்திருந்தவர்களில் பலர் எந்தப் படத்தையும் இறக்கக்கூட இல்லை. 'பிளே' பட்டனை அழுத்தியதோடு சரி.

தமிழ்ராக்கர்ஸ் என்ற திருட்டுப் படத் தளத்தின் பெயரைப் பற்றி அவர் ஒன்று சொல்வதுண்டு. '2.0' படம் வருவதற்கு முந்தைய நாள், 2018 நவம்பரில், சென்னை உயர்நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட தள முகவரிகளை முடக்கச் சொன்னது. அவற்றில் பல இந்த ஒரே பெயரின் வெவ்வேறு வால்கள். 2020-ல் அந்தத் தளம் மூடப்பட்ட பிறகும் பெயர் மட்டும் சாகவில்லை. இப்போது அந்தப் பெயரில் தேடினால் வரும் தளங்களில் படம் இருக்குமா என்பதே சந்தேகம். பெயரைப் பார்த்து வருகிறவர்களை அறுவடை செய்யப் போட்ட வலைகள்தாம் பெரும்பாலும். அசல் திருடனாவது படத்தைக் கொடுத்தான் என்று ஒரு வாடிக்கையாளர் பெருமூச்சு விட்டாராம்.

அவர் அதிகம் பேசாத கதை 2020 தை மாதத்தினுடையது.

ஈரோடு சாலையில் ஒரு கல்யாண ஸ்டுடியோ. முகூர்த்தங்கள் அடுத்தடுத்து. ஹைலைட்ஸ் வீடியோவுக்குச் சினிமாப் பாட்டின் தெளிவான பிரதி வேண்டும் என்று எடிட்டர் பையன் தேடியிருக்கிறான். ஒரு தளம், பாட்டை இறக்க முதலில் இந்த டவுன்லோடரைப் போடுங்கள் என்றது. போட்டான். 'விண்டோஸ் அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்' என்று ஒரு திரை வந்தது. டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்து போனான். திரும்பி வந்தபோது ஹார்ட் டிஸ்கில் இருந்த ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கெழுத்து முளைத்திருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு கடிதம்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி, 490.

பேக்கப் இருந்தது. அதுவும் அதே சிஸ்டத்தில் செருகியே இருந்தது.

ஸ்டுடியோக்காரர் இரண்டு டிஸ்கையும் மஞ்சள் துணிப்பையில் சுற்றிக்கொண்டு இரவு ஒன்பதரைக்கு வந்தார். "ஏனுங், ஆறு கல்யாணமுங்க" என்றார். அதற்குமேல் பேச வரவில்லை. கேமரா கார்டுகளில் அதற்குள் வேறு கல்யாணங்கள் பதிவாகிவிட்டன.

ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று தொழிலில் சொல்லும் ரகம் அது. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் அதன் 148 வடிவங்களுக்குச் சாவி வெளியிட்டிருந்தது. ஆனால் இது அதற்குப் பின்னால் வந்த வடிவம். சாவி திருடனின் சர்வரில் மட்டும். ஒரு மணி நேரம் முயன்றுவிட்டு அவர் ஹெக்ஸ் எடிட்டரைத் திறந்தார், பையன்களுக்குப் பாடம் எடுக்கும் அதே மென்பொருளை. பூட்டப்பட்ட ஒரு முகூர்த்த வீடியோ, எட்டு ஜி.பி. தலையில் 'எஃப்டிஒய்பி' இருக்க வேண்டிய இடத்தில் குப்பை. கீழே இறங்கினார். குப்பை ஓரிடத்தில் நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் அசல்.

அவசரக்காரன் வைரஸ் அது. ஆயிரக்கணக்கான கோப்புகளை அரை மணி நேரத்தில் பூட்ட வேண்டும் என்பதால், ஒவ்வொன்றிலும் முதல் 150 கே.பி. அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடும். வேர்டு கோப்புக்கும் கணக்குக் கோப்புக்கும் அதுவே மரண அடி. வீடியோவுக்கு அப்படியில்லை. நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவான படத்தில் 150 கே.பி. என்பது ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கேமராக்கள் பெரும்பாலும் கோப்பின் கடைசியில்தான் எழுதுகின்றன, அதுவும் தப்பியிருந்தது. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று கிடைத்தால் அதன் தலையைப் பார்த்து இதற்குத் தலை பொருத்தலாம். அதற்கென்றே எழுதிய இலவசக் கருவியும் உண்டு.

முதலில் திறந்தது ஒரு மாங்கல்யதாரணம். முதல் அரை நொடி பச்சையும் ஊதாவுமாகக் கலங்கியது, அப்புறம் கெட்டிமேளம் கேட்டது. ஸ்டுடியோக்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே முழுக்கப் பார்த்தார். விடிகிற வரைக்கும் இருவரும் உட்கார்ந்து ஆறு கல்யாணத்தின் வீடியோக்களையும் மீட்டார்கள். புகைப்படங்கள் அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. பலவற்றில் மேலே ஒரு பட்டை சாம்பலாக நின்றது, சில திறக்கவேயில்லை. எடிட்டிங் புராஜெக்ட் கோப்புகள் போனது போனதுதான். பையன் திரும்ப முதலிலிருந்து வெட்டி ஒட்டினான். அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை என்பதை ஸ்டுடியோக்காரருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்.

பூட்டுகிற வைரஸ் கத்திச் சொல்லிவிட்டு வரும். இப்போது அதிகம் பார்ப்பது சத்தமில்லாத ரகம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் லேப்டாப்பில் வீட்டுப் பையன் விடுமுறை நாளில் படம் தேடினான். எதுவும் நடக்கவில்லை. மூன்று வாரம் கழித்து, வெளிநாட்டுப் பையரிடமிருந்து வர வேண்டிய பணம் வேறொரு கணக்குக்குப் போய்விட்டது தெரிந்தது. இன்வாய்ஸ் அசல் போலவே இருந்தது, வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு. லும்மா போன்ற திருட்டு மென்பொருள்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் ஒரு நிமிடத்தில் வழித்தெடுத்துக்கொண்டு தடம் அழித்துப் போய்விடும். குக்கி கிடைத்தால் ஓடிபிகூடத் தேவையில்லை; ஏற்கெனவே உள்ளே இருக்கிறவர் என்றே மெயில் தளம் நினைக்கும். கம்பெனிக்காரர்கள் அவரிடம் கேட்டது, லேப்டாப்பை ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடுமா என்று.

இவ்வளவும் படம் என்ற பெயரில் வரும் வேறு பொருள்களின் கதை. அசல் வீடியோவே ஆபத்தாகுமா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். எம்பி4 என்பது வெறும் தகவல், தானாக ஓடாது. அதைப் படிக்கும் பிளேயரில் பிழை இருந்தால்தான் வம்பு. அப்படியும் நடந்திருக்கிறது. 2015-ல் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற பகுதியில் கண்ட ஓட்டைகளால், நம்பர் தெரிந்தால் போதும், ஒரு வீடியோ மெசேஜில் போனைப் பிடித்துவிடலாம் என்ற நிலை. 95 கோடிக் கருவிகள் வரை அந்த ஆபத்தில் இருந்தன. 2017-ல் செக்பாயிண்ட் ஆய்வாளர்கள் சப்டைட்டில் கோப்பையே ஆயுதமாக்கிக் காட்டினார்கள். விஎல்சி, கோடி போன்ற பிளேயர்கள் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. கொரியப் படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் தேடும் கல்லூரிப் பையன்களிடம் அவர் இதைச் சொன்னால், அவர்கள் அவரைப் பழைய ஆள் என்று பார்ப்பார்கள். 2025 கடைசியில் டிகாப்ரியோ நடித்த 'ஒன் பேட்டில் ஆஃப்டர் அனதர்' படத்தின் போலி டொரண்ட் ஒன்றில், ஷார்ட்கட்டைத் தட்டியதும் சப்டைட்டில் கோப்பின் வரிகளுக்கு நடுவில் ஒளிந்திருந்த கட்டளைகள் ஓடியதை பிட்டிஃபெண்டர் நிறுவனம் கண்டுபிடித்தது. அதிலிருந்து அவரைக் கொஞ்சம் மதிக்கிறார்கள்.

கடை மேசையில் இப்போது சிஸ்டத்தைவிட செல்போன் அதிகம். டெலிகிராமில் படம் என்று தட்டியிருப்பார்கள், 'இதை ஓட்ட முடியவில்லை, வேறு பிளேயரில் திறக்கவா' என்று கேட்டிருக்கும், திற என்றிருப்பார்கள். 2024 ஜூனில் இணையச் சந்தையில் விற்பனைக்கு வந்த ஒரு வித்தை, ஆப் கோப்பை 30 நொடி வீடியோ போலவே டெலிகிராமில் காட்டியது. ஈசெட் நிறுவனம் சொன்னபின் ஜூலை 11-ல் 10.14.5 பதிப்பில் டெலிகிராம் அதை அடைத்தது. வித்தை இல்லாமலும் வேலை நடக்கிறது. அந்த வருடக் கடைசியில் கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த ஆப்களை ஊரே தட்டியது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும் வீடியோவைச் சூலூர்ப் பெரியவர் ஒருவர் கொண்டு வந்தபோது, அவர் போனை வாங்கி முதலில் ஃபிளைட் மோடில் போட்டார், அடுத்து தன் போனில் 1930-ஐ அழைத்துக் கொடுத்தார். பணம் போய்ச் சில மணி நேரத்துக்குள் சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. "மெசேஜு வந்துச்சுங்க தம்பி, பேத்தி டான்ஸு வீடியோன்னு நெனச்சேன்" என்றார் பெரியவர்.

தன் கடையிலிருந்து வெளியே போகும் எந்த சிஸ்டத்திலும் அவர் ஒரு காரியம் செய்யாமல் விடுவதில்லை. வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்: அந்தக் கட்டத்தில் டிக். அதற்குக் காசில்லை, பில்லில் எழுதுவதுமில்லை. மறைந்திருக்கும் வால் அப்போதிலிருந்து எல்லாக் கோப்புக்கும் தெரியும்.

அதனால் வாரத்துக்கு ஒரு போன் வருகிறது. போன மாதம் சிங்காநல்லூரிலிருந்து ஒரு டீச்சர். குரல் நடுங்கியது. "ஏனுங்ணா, நேத்துத்தான் சரி பண்ணிக் குடுத்தீங்க. இன்னிக்குப் பாத்தா எல்லா ஃபைலுக்குப் பின்னாலயும் என்னமோ எழுத்து ஒட்டிக்கிட்டிருக்குதுங்க. நொம்ப நாளா நீங்க சொல்லிட்டிருந்த அந்த வைரஸ் வந்துருச்சுங்களாட்டம் இருக்குது." என்ன எழுத்து என்று கேட்டார். டிஓசிஎக்ஸ், ஜேபிஜி, எம்பி4 என்று ஒவ்வொன்றாகப் படித்தார் டீச்சர். அதெல்லாம் முன்னாடியே இருந்ததுதாங்க, இப்பத்தான் தெரியுது என்று விளக்கி முடிப்பதற்குள் அந்தப் பக்கம், "பையன் எல்லாத்தையும் அழிச்சிட்டேங்கறானுங்க" என்றார். ஃபைலையா, பின்னால் இருந்த எழுத்தையா என்று கேட்டார் அவர்.

எழுத்தைத்தான். நானூறு கோப்புகள். எதுவும் திறக்கவில்லை.

"சிஸ்டத்தை எடுத்துட்டு வாங்க" என்றார்.